எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டே ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு இடத்துக்குப் போனால் ரிவ்யூ, ஒரு பொருள் வாங்கினால் ரேட்டிங், வானம் சிவந்தால் ஸ்டேட்டஸ் என்று நம் நாட்கள் ஆகிவிட்டன. இதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் உளவியல் படித்தவன் இல்லை. பல வருடங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டுக்கொண்டும் படம் போட்டுக்கொண்டும் இருந்துவிட்டு, பிறகு மெதுவாகக் குறைத்துக்கொண்டவன்.

இது அவ்வளவு பெரிய விஷயமா? பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாமே?

தாண்டிப் போகலாம்தான். ஒரு தடவை என்றால் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் கேட்பது ஒருவர் மட்டுமா? பார்சல் கொண்டுவந்தவர், வண்டி ஓட்டியவர், வங்கி, தொலைபேசி நிறுவனம், பார்த்த படம், படித்த புத்தகம், நேற்று ராத்திரி தூங்கிய தூக்கம் வரை எல்லாவற்றின் சார்பிலும் யாரோ ஒருவர், முடிந்த கையோடு, 'எப்படி இருந்தது?' என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் அரை நிமிட வேலை. எல்லாம் சேரும்போது, எதையும் தீர்ப்பு சொல்லாமல் கடந்து போக முடியாத ஒரு மனநிலை வந்துவிடுகிறது.

எனக்கு உறைத்த நாளைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்துவிட்டு, மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. 'எங்களுடனான உங்கள் அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார்?' 11 நாள் தூக்கமில்லாத பயம், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு செவிலியர், பில் கட்டும் இடத்தில் பட்ட அவதி, இத்தனையையும் ஐந்துக்குள் எப்படி அடைப்பது? நான்கு போட்டேன். போட்டதும், அந்த 11 நாட்களும் ஏதோ சுருங்கிப்போனது போல இருந்தது. அன்றுதான் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது?

மதிப்பெண் போடும் ஆசை பழசுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய பயண வழிகாட்டிகளில், பார்க்கத் தகுந்த ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறிகளைப் போட்டு வைத்தார். எத்தனை சிறப்போ அத்தனை குறி. பிறகு ஜெர்மனியின் பெடேக்கர் வழிகாட்டிகள் நட்சத்திரங்களைப் பயன்படுத்தின. ஆனால் அப்போது ஒருவர் மதிப்பிட்டார், மற்றவர்கள் படித்தார்கள்.

இணையத்தில் இதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது. 1995-ல் தொடங்கிய ஈபே, முகம் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பிப் பொருள் வாங்கி விற்கும் இடம். பணம் அனுப்பினால் பொருள் வருமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் 1996-ல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அது நல்ல யோசனை. அமேசானும் வாசகர் விமர்சனங்களை அதே காலத்தில் அனுமதித்தது. 2009-ல் ஃபேஸ்புக் லைக் பொத்தானை வைத்தது. 2013-ல் ஸ்னாப்சாட்டும் 2016-ல் இன்ஸ்டாகிராமும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரிகளைக் கொண்டுவந்தன. நான் பெரிய திருப்பமாக நினைப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். நேற்றுப் போட்டது இன்று இருக்காது என்பதால், தினமும் புதிதாக ஏதாவது போட வேண்டியிருக்கிறது. அந்நியரை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள வந்த ஒரு கருவி, இன்று நாம் என்ன பார்த்தோம், என்ன உணர்ந்தோம் என்று கணக்குக் கேட்கும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

எல்லா நிறுவனங்களும் ஏன் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கின்றன?

'எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்' என்ற கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரெட் ரைக்கெல்ட் என்ற நிர்வாக ஆலோசகர் 2003-ல் முன்வைத்த முறை அது. நிறுவனத்தின் வளர்ச்சியைக் கணிக்க இந்த ஒரே கேள்வி போதும் என்றார். அதன் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 போட்டவர்கள் மொத்த எண்ணிக்கையில் இருப்பார்கள், ஆனால் எந்தப் பக்கமும் சேர மாட்டார்கள். 0 முதல் 6 வரை போட்டவர்கள் எல்லோரும் எதிர்ப்பாளர்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண்.

100 பேரில் 40 பேர் 9 அல்லது 10 போடுகிறார்கள், 40 பேர் 8 போடுகிறார்கள், 20 பேர் 6 போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பள்ளிக்கூடக் கணக்கில் இவர்கள் அத்தனை பேரும் முதல் வகுப்பு கொடுத்தவர்கள். இந்த முறையில் அந்த நிறுவனத்தின் மதிப்பெண் வெறும் 20. '8 நல்ல மார்க்தானே' என்று மனசாரப் போட்டவரின் பதில் அங்கே பூஜ்யத்துக்குச் சமம்.

கேள்வி எளிமையாக இருப்பதால் எங்கும் பரவிவிட்டது. மேலதிகாரிக்கு ஒரு எண் கிடைக்கிறது. அந்த எண் நின்றுவிடாமல் வர வேண்டுமானால், நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு ஓட்டுநருக்கு நான்கு ஸ்டார் கொடுத்தேன். நல்ல பயணம் என்ற அர்த்தத்தில்தான் கொடுத்தேன். அது அவருக்குப் பாதகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் உபர் ஓட்டுநர்களின் சராசரி 4.6-க்குக் கீழே போனால் அவர்கள் கணக்கு முடக்கப்படலாம் என்று சில வருடங்களுக்கு முன் பரவலாகச் செய்தி வந்தது. 4.6 என்றால் என்ன? பயணிகள் அனைவரும் நான்கு அல்லது ஐந்து மட்டுமே போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பத்தில் நான்கு பேர் நான்கு போட்டாலே சராசரி சரியாக 4.6. இன்னும் ஒருவர் 'பரவாயில்லை, நன்றாகவே இருந்தது' என்று நான்கு போட்டால் அவர் கோட்டுக்குக் கீழே. யாருமே குறை சொல்லாமல் ஒருவருடைய பிழைப்பு ஆட்டம் காண முடியும்.

நாம் ஒரு பயணத்தை மதிப்பிடுவதாக நினைக்கிறோம். அந்தப் பக்கம் அது ஒரு மனிதரின் வேலைக்கான ஓட்டாகப் பதிவாகிறது. நெரிசலுக்கு, மழைக்கு, செயலி காட்டிய தவறான வழிக்கு, நம்முடைய கெட்ட மனநிலைக்குக்கூட அவர் பெயரில் மார்க் குறைகிறது. அவரை வேலைக்கு எடுத்தவர்களும் பயிற்சி கொடுத்தவர்களும் இதில் எங்கும் மதிப்பிடப்படுவதில்லை. மேற்பார்வை செய்யும் பொறுப்பைச் சம்பளமில்லாமல் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள், நாமும் பட்டனை அழுத்துவதால் என்ன நடக்கும் என்று தெரியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு இது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. மருத்துவமனைக்கு நான் போட்ட நான்கு யார் தலையில் விழுந்ததோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பில் கட்டும் இடத்தில் என்னைக் காக்க வைத்தவர் மேல் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஐந்தே போட்டுவிடலாமா?

ஒரு தனி மனிதரின் வேலையைப் பற்றிய ரேட்டிங் என்றால், அவர் உங்களுக்கு ஆபத்து விளைவிக்காத, அவமதிக்காத பட்சத்தில், நான் ஐந்துதான் போடுகிறேன். ரேட்டிங் கட்டாயம் இல்லையென்றால் விட்டும்விடுகிறேன்.

எல்லோரும் இப்படிச் செய்தால் எண்ணுக்கு மதிப்பே இருக்காதே என்று கேட்பீர்கள். இப்போதே பெரிதாக இல்லை. சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து பிற்பாடு விதியாகவே பெயர் பெற்றது. ஒரு அளவுகோலை அடைய வேண்டிய இலக்காக மாற்றிவிட்டால், அது அளக்கும் திறனை இழந்துவிடும். 'ஐந்து போடுங்க சார், இல்லையென்றால் எனக்குப் பிரச்சினை' என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வந்த பிறகு, அந்த ஐந்து எதை அளக்கிறது?

போட்டோ எடுத்தால் அனுபவம் கெட்டுவிடுமா?

கேமராவைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்பவர்களுக்கும், அதெல்லாம் சும்மா என்பவர்களுக்கும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது.

லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்களைப் பற்றிய நினைவுதான் குறைவாக இருந்தது. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனம் விட்டுவிடுகிறது போலும். ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. கூர்ந்து கவனிக்க வைக்கிற படம் கெடுதல் செய்வதில்லை.

இதற்கு மேல் இன்னொரு விஷயம் இருக்கிறது. கிறிஸ்டின் டீல், கேல் சௌபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுகளில், படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அனுபவத்தில் இன்னும் ஆழ்ந்து ரசித்தார்கள். சரி, அப்படியானால் பிரச்சினை எங்கே? 2018-ல் பராஷும் அவரோடு வேலை செய்தவர்களும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். தனக்கு ஞாபகமாக வைத்துக்கொள்ள எடுப்பவரைவிட, சமூக வலைத்தளத்தில் போடுவதற்காக எடுப்பவர் குறைவாக ரசிக்கிறார். காரணம், பார்க்கப்போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அந்த நிமிடத்திலேயே நுழைந்துவிடுகிறது.

என் வாழ்க்கையில் இதை அப்படியே பார்த்திருக்கிறேன். மலையில் ஒரு விடியற்காலை. சூரியன் மேலே வந்த அந்த மூன்று நிமிடமும் நான் தலைப்பு வரி யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல வரிதான் கிடைத்தது, நிறைய லைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி அப்போது என்ன சொன்னாள் என்று மட்டும் எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

அதனால் நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: எடுப்பதை உடனே எடுக்கிறேன், போடுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து, குறைந்தது ஒரு நாள் கழித்துப் போடுகிறேன். பாதிக்கு மேல் படங்கள் அந்த ஒரு நாளைத் தாண்டுவதே இல்லை.

மதிப்பெண் போட்டுப் போட்டு நம் ரசனையே மாறிவிடுமா?

மாறலாம். 1993-ல் வெளியான ஒரு ஆய்வில், டிமதி வில்சன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் மாணவர்களுக்குச் சில சுவரொட்டிப் படங்களைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் காரணம் எழுத வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் தங்கள் படத்தில் திருப்தி குறைவாக இருந்தது. சொல்ல எளிதாக இருந்த காரணங்கள் அவர்களுடைய உண்மையான விருப்பத்தை ஓரம் தள்ளிவிட்டன. ரிவ்யூ எழுதும் மனதோடு ஒரு படத்தைப் பார்க்க உட்காரும்போது இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வார்த்தையில் சிக்குவது மட்டும் மிஞ்சுகிறது.

எண்ணிக்கைக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நடந்த அளவையும் படித்த பக்கங்களையும் எண்ணிப் பார்த்தவர்கள் அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக அனுபவித்தார்கள். பொழுதுபோக்கு, வேலை போல ஆகிவிடுகிறது. இந்த வருடம் எத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்து, மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் நிஜமான வாசகர்கள். அதனால்தான் பார்க்க மனசு கேட்கவில்லை.

மற்றவர்களின் ரேட்டிங்கையாவது நம்பலாமா?

ஓரளவுக்கு. பொதுவாக மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கடுப்பானவர்களும்தான் எழுதுகிறார்கள், நடுவில் இருப்பவர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். முதலில் விழும் ஓட்டும் பின்னால் வருபவர்களை இழுக்கிறது. 2013-ல் வெளியான ஒரு பரிசோதனையில், செய்திகளை விவாதிக்கும் ஒரு இணையதளத்தில் சில கருத்துகளுக்கு ஆய்வாளர்களே ஒரு ஆதரவு ஓட்டைச் சும்மா போட்டு வைத்தார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. போலி ரிவ்யூ வியாபாரம் வேறு இருக்கிறது. அதைத் தடை செய்யும் விதியை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024-ல் கொண்டுவர வேண்டியிருந்தது. எண்ணை விட்டுவிட்டு, மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

லைக் எண்ணிக்கையை மறைத்துவிட்டால் நிம்மதி வருமா?

இன்ஸ்டாகிராம் 2019-ல் சில நாடுகளில் மறைத்துப் பார்த்தது. 2021-ல் வேண்டியவர்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் வசதி தந்தது. சிலருக்கு அது நிம்மதியாக இருந்தது, சிலருக்கு எரிச்சல். நான் மறைத்தேன். ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் போக இன்னும் பல மாதங்கள் ஆயின.

நான் எதுவும் போடாவிட்டால் உறவினர்களும் நண்பர்களும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 'என் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கவில்லையே' என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

அந்தக் கோபத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 'எல்லோர் முன்னாலும் என்னைக் கொண்டாடு' என்பது பழைய, நியாயமான ஆசை. அதனால் கொள்கை பேசாதீர்கள். ஸ்டேட்டஸ் வைக்காத அன்று அவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். போன் செய்யுங்கள். பழைய படம் ஒன்றைத் தேடி அவருக்கு மட்டும் அனுப்பி, அது எந்த நாள் எடுத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். என் அக்கா முதல் வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறு வருடம் நான் அனுப்பப்போகும் படத்துக்காகக் காத்திருந்தாள்.

அப்புறம், தொலைவில் இருப்பவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஸ்டேட்டஸ்தான் ஜன்னல். அவர்கள் போடுவதைப் பார்த்து முகம் சுளிப்பது நல்லதில்லை.

குழந்தைகளின் படங்களைப் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். பதில் சொல்லத் தெரியாத வயது என்றால், பதில் சொல்லத் தெரியும் வரை குடும்பக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுகிற படம், குளிக்கிற படம், மார்க் ஷீட், இவை மூன்றும் எப்போதும் வேண்டாம்.

மறைக்க எதுவும் இல்லாதவருக்கு ஷேர் செய்வதில் என்ன ஆபத்து?

ஒவ்வொரு பதிவும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. 2018-ல், ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், வெறிச்சோடிய பாலைவனங்களின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தது பெரிய செய்தியானது. வீரர்கள் தங்கள் ஓட்டத்தைத்தான் பதிவு செய்தார்கள். உங்கள் காலை நடையும் உங்கள் வீடு எங்கே, எத்தனை மணிக்கு நீங்கள் வெளியே இருப்பீர்கள் என்று அதே மாதிரி சொல்லிவிடும்.

இந்த 'ரேட் செய்யுங்கள்' பெட்டிகளை நிறுத்த வழி உண்டா?

ஐபோனில் ஆப் ஸ்டோருக்கான செட்டிங்ஸில், செயலிக்குள் ரேட்டிங் கேட்பதை மொத்தமாக அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அணைக்காவிட்டாலும், ஆப்பிள் தரும் அந்தப் பெட்டியை ஒரு செயலி ஒருவருக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் காட்ட முடியாது. மற்றபடி, எந்தப் போனிலும் கடைகள், டெலிவரி செயலிகள் அனுப்பும் விளம்பர நோட்டிஃபிகேஷன்களை அணைத்தாலே பாதிப் பேச்சு அடங்கும்.

அப்படியானால் ரிவ்யூவே எழுதக் கூடாதா?

எழுதுங்கள். தெரியாத ஒருவர் ஏமாறாமல் இருக்க உதவும் என்றால் கட்டாயம் எழுதுங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகுமா, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களா என்று ஒருவர் எழுதி வைத்த இரண்டு வரி எத்தனையோ பேருக்கு அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது. சிறிய தொழில் செய்பவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை பெரிய உதவி. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று எழுதுங்கள். கோபத்தில் இருந்தால் ஒரு ராத்திரி விட்டுவிட்டு எழுதுங்கள். ஊழியரின் பெயரைப் பாராட்டும்போது போடுங்கள், குறை சொல்லும்போது நிறுவனத்திடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

நான் எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒரே கேள்வியால்தான். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது கேட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேனா?

குறைத்துக்கொண்டால் எதையோ இழந்தது போல இருக்காதா?

இருக்கும். முதல் சில வாரங்கள், எதைப் பார்த்தாலும் கை தானாகப் பைக்குள் போகும். 'யாருக்கும் தெரியாமல் நடந்தால் இது நடந்ததா?' என்று ஒரு வெறுமை வரும். எனக்கு உதவியது, ராத்திரியில் ஒரே ஒருவரிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேசுவது. எழுத்தில் வராத இடங்கள் பேச்சில் வந்துவிடுகின்றன. எதிரில் இருப்பவர் கேள்வி கேட்பார், நாம் மறந்ததை எடுத்துக் கொடுப்பார்.

அந்த நான்கு ஸ்டாரைப் போட்ட இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனையின் தலைமைச் செவிலியருக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா பயந்து எழுந்தது, ஷிஃப்ட் முடியும் நேரத்திலும் அந்தப் பெண் இருபது நிமிடம் கையை விடாமல் நின்றது, அவர் அப்பாவிடம் மழையைப் பற்றியும் தன் கிணற்றைப் பற்றியும் பேசியது, எல்லாவற்றையும் எழுதினேன். பெயர் எனக்குத் தெரியவில்லை, அதனால் தேதியையும் வார்டையும் குறிப்பிட்டேன். எழுதி முடித்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கிணறு இல்லடா, குளம்" என்று திருத்தினார். மாற்றி எழுதி அனுப்பினேன்.